உள்நாட்டுப் போர் முடிந்து பல காலம் ஆன பிறகும் கட்சிப் பிளவு நீடிப்பது ஏன்?

அயர்லாந்தைப் பார்த்தால் புரியும். பிரிட்டனுடன் 1921இல் செய்த ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்பதில் 1922-23இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஒப்பந்தத்தை ஏற்ற தரப்பிலிருந்து வந்ததுதான் ஃபினா கேல் கட்சி, எதிர்த்த தரப்பிலிருந்து வந்தது ஃபியன்னா ஃபாயில் கட்சி. கொள்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது. தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்பதே பல வீடுகளில் ஓட்டை முடிவு செய்தது.

1923 மார்ச்சில் கெர்ரிப் பகுதியின் பாலிசீடியில், ஒப்பந்தத்தை ஏற்ற அரசின் படையினர், அதை எதிர்த்த ஒன்பது கைதிகளைக் கண்ணிவெடியைச் சுற்றிக் கட்டி வெடிக்கவைத்தார்கள். எட்டுப் பேர் செத்தார்கள். தூக்கியெறியப்பட்டுத் தப்பிய ஸ்டீபன் ஃபுல்லர், அப்புறம் ஃபியன்னா ஃபாயில் நாடாளுமன்ற உறுப்பினரானார். ஊரில் இப்படியொரு கதை இருக்கும்போது வரிக்கொள்கையை யார் பார்ப்பார்கள்?

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியை எல்லோரும் சொந்தம் கொண்டாடலாம், தேசிய அடையாளம் அதில் நின்றது. அண்ணன் தம்பி சுட்டுக்கொண்டதைப் பேசத்தான் தயக்கம். இரு கட்சிகளும் கூட்டணி ஆட்சி அமைத்தது 2020இல்தான்.