480 வெள்ளி (ரிங்கிட்) பேக்கேஜ் எதுக்கு, வீட்டுல கெட்டில் இருக்குல்ல

கேள்வி: வணக்கம் சார். நாங்க கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு ப்ளாட்ல இருக்கோம். பையன் ஃபார்ம் 5. தமிழ்ப்பள்ளியில இருந்தப்போ அறிவியல்னா அவனுக்கு உயிரு, இப்போ பிசிக்ஸ் புக்க தொறந்தா பத்து நிமிசத்துல தூங்கிடுறான். ஸ்கூல் பரீட்சையில டி தான் வந்துச்சு. ஒருத்தரு வாட்ஸ்ஆப்ல எக்ஸ்பெரிமென்ட் கிட், பரீட்சையில கண்டிப்பா வரும்னு சொல்ற ஸ்பாட் கேள்வி எல்லாம் சேத்து 480 வெள்ளின்னு சொல்றாரு, வாங்கலாமா? நான் ஃபார்ம் 3 வரைக்கும்தான் படிச்சேன், வீட்டுலயே அவன எப்படி ரிவிஷன் பண்ண வெக்கிறது?

பதில்: வாங்காதீங்கம்மா. மத்தத அப்புறம் பேசலாம், இத மொதல்ல சொல்லிடுறேன், ஏன்னா நீங்க இத படிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்த ஆளு "ஆஃபர் இன்னிக்கு ராத்திரியோட முடியுது அக்கா"ன்னு இன்னொரு மெசேஜ் போட்டிருப்பாரு.

ஸ்பாட் கேள்வி எப்படி தயாராகுதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். நான் ஸ்கூல்ல பிசிக்ஸ் நடத்திக்கிட்டு இருந்தப்போ ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்தாரு. "சார், பழைய பேப்பர்லேர்ந்து ஒரு அறுவது கேள்வி பொறுக்கி குடுங்க போதும், மிச்சத்த நாங்க பாத்துக்குறோம்"னாரு. கணக்கு சிம்பிள். ஃபார்ம் 4ல ஆறு பாடம், ஃபார்ம் 5ல ஏழு பாடம், ஆக மொத்தம் பதிமூணுதான். அறுவது கேள்வி பொறுக்கினா எந்த வருசம் எந்த பேப்பர் வந்தாலும் நாலஞ்சு அது மாதிரியே இருக்கத்தான் செய்யும். பரீட்சை முடிஞ்சதும் அந்த நாலஞ்ச மட்டும் வட்டம் போட்டு "பாத்தீங்களா அடிச்சிருச்சு"ன்னு போஸ்டர் வரும், அடிக்காத அம்பத்தஞ்ச பத்தி எவனும் கேக்க மாட்டான். நான் முடியாதுன்னுட்டேன், வேற யாரோ குடுத்திருப்பாங்க. டெலிகிராம்ல சோவாலான் போச்சோர், அதாவது லீக்கான கேள்வித்தாள்னு சொல்லி காசு கேக்குறவனுங்க இத விட மோசம், காசு கைக்கு போனதும் க்ரூப்பே காணாம போயிடும்.

கிட்டும் வேணாம். அதுல என்ன இருக்க போகுது, ஒரு ஸ்பிரிங், ரெண்டு லென்ஸ், கொஞ்சம் ஒயர், ஒரு பல்பு. உங்க அடுப்படியிலயே அத விட நல்ல சாமான் இருக்கு.

இன்னிக்கு சாயங்காலம் தே ஓ (பால் இல்லாத டீ) போடறப்போ தம்பிய கூப்பிடுங்க. கெட்டில் காலியா இருக்கும்போதே அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர பாக்க சொல்லுங்க, 1850, 2000, 2200 வாட்னு ஏதாச்சும் போட்டிருக்கும். ஒரு லிட்டர் தண்ணி ஊத்தி, சுவிட்ச் போடுறதுக்கு முன்னாடி, எத்தன செகண்ட்ல கொதிக்கும்னு பேப்பர்ல கணக்கு போட்டு எழுத சொல்லுங்க. ஒரு லிட்டர் ஒரு கிலோ, நம்ம ஊரு பைப்பு தண்ணி 30 டிகிரின்னு வெச்சுக்குங்க, 100க்கு ஏத்தணும், ஒரு கிலோவ ஒரு டிகிரி ஏத்த 4200 ஜூல். பெருக்கினா 294000 ஜூல் வரும். 2000 வாட் கெட்டிலா இருந்தா 147 செகண்ட், அதாவது ரெண்டரை நிமிசத்துக்கு கொஞ்சம் கம்மி. கணக்கு உங்களுக்கு புரியலன்னாலும் பரவால்ல, அவன் எழுதின நம்பர வாங்கி உங்க கையில வெச்சுக்கிட்டு போன்ல டைம் பாருங்க, அது போதும்.

147ல அணையாது. 165 ஆகும், 170 ஆகும். அப்போ ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "எங்கப்பா போச்சு மிச்ச சூடு?" கெட்டில் பாடி சூடானது, சுத்தியிருக்கிற காத்துக்கு போனது, ஆவியா போனது, தண்ணி கொதிச்சும் சில செகண்ட் கழிச்சுத்தான் சுவிட்ச் விழுறது, இதெல்லாம் அவன் வாயாலயே வரணும், நீங்க எடுத்து குடுக்காதீங்க. க்யூ இக்குவல் எம்சி தீட்டான்னு இந்த கணக்கோட ஃபார்முலாவ நூறு தடவ எழுதினவனுக்கு வராத புத்தி இந்த இருவது செகண்ட் வித்தியாசத்துல வரும். அதே கெட்டில வெச்சே ஃபார்ம் 5 கரண்ட் பாடத்தையும் பாத்துடலாம், 2000 வாட்ட 240 வோல்ட்டால வகுத்தா 8.3 ஆம்பியர், அப்புறம் ஏன் ப்ளக்ல 13 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கு, 5 ஆம்பியர் போட்டா என்ன ஆகும்னு கேளுங்க.

ப்ளாட்ல இருக்கிறதா சொன்னீங்க, அப்போ லிப்ட் இருக்கும், அது உடையாம ஓடுற நாளா பாத்து ஒரு எடை மிசினோட உள்ள போக சொல்லுங்க. டிஜிட்டல் வேணாம், நிறைய மிசின்ல நம்பர் ஒரு எடத்துல வந்ததும் அப்படியே நின்னுடும், முள்ளு வெச்ச பழைய மாடல்தான் சரி. மேல கெளம்புறப்போ 50 கிலோ பையனுக்கு ஒரு நொடி 54 காட்டும், நடுவுல திரும்ப 50, மேல போய் நிக்கிறதுக்கு முன்னாடி 50க்கு கீழ போவும். அந்த நாலு கிலோவ வெச்சே லிப்ட்டோட முடுக்கத்த கண்டுபிடிக்கலாம், 50ல 4ன்னா எட்டு பர்சென்ட், 9.81ல எட்டு பர்சென்ட் எடுத்தா கிட்டத்தட்ட 0.8. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு மாதிரி பாப்பாங்க, பாக்கட்டும்.

இது வரைக்கும் செஞ்சு பாக்கத்தான் சொன்னேன், ஆனா அதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு, இது தமிழ்ப்பள்ளி பிள்ளைங்களுக்குன்னே உள்ளது, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். சில பிள்ளைக்கு பிசிக்ஸ் தகராறு இல்ல, வார்த்தைதான் தகராறு. வீட்டுல நாம "சூடு"ன்னு ஒரே வார்த்தைய சொல்லிடுறோம், பேப்பர்ல மலாய்ல ஹாபா (வெப்பம்) வேற, சூஹு (வெப்பநிலை) வேற. நமக்கு "எடை"ன்னா எல்லாம் ஒண்ணுதான், அங்க ஜிசிம் (பொருளோட நிறை) வேற, பெராட் (பூமி அத இழுக்கிற விசை) வேற. "வேகம்"னு நாம சொல்றதுக்குள்ள லாஜு (வேகம்), ஹலாஜு (திசைவேகம்), பெச்சுத்தான் (முடுக்கம்) மூணும் அடங்கிடுது. தண்ணி கொதிக்கிறப்போ என்ன நடக்குதுன்னு கேட்டா பையன் "சூடு போய்க்கிட்டே இருக்கு, ஆனா சூடு ஏறல"ம்பான். சரியாத்தான் சொல்றான்! ஹாபா போவுது, சூஹு 100லயே நிக்குது, பாடத்துல ஹாபா பெண்டாம் (உள்ளுறை வெப்பம்)னு வர்றது அதுதான். ஆனா பேப்பர்ல ரெண்டு எடத்துலயும் ஹாபான்னு எழுதிட்டா மார்க் போச்சு, திருத்துறவங்களுக்கு அவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு தெரியாது.

இத கண்டுபிடிக்க உங்களுக்கு படிப்பு தேவையே இல்ல. மொதல்ல தமிழ்ல உங்களுக்கு விளக்க சொல்லுங்க, அப்புறம் அதையே பேப்பர்ல எழுத சொல்லுங்க. வாயில வர்றது பேப்பர்ல வரலன்னா வார்த்தை பிரச்சனை, அப்போ லிப்ட்டு கெட்டில் எல்லாத்தையும் ஒரு வாரம் ஓரங்கட்டிட்டு, இந்த மாதிரி கொழப்புற ஜோடி வார்த்தைகள ஒரு நோட்டுல எழுதி, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அளவு என்னன்னு எழுத சொல்லுங்க, ஹாபாவுக்கு ஜூல், சூஹுவுக்கு டிகிரி, ஜிசிமுக்கு கிலோ, பெராட்டுக்கு நியூட்டன். அளவு மாறினா பொருள் மாறும்னு அப்புறம் அவனே புரிஞ்சுக்குவான். வாயிலயும் வரலன்னாதான் பாடம் புரியல, அப்போ மறுபடி கெட்டில்.

கேள்வித்தாள்ல மலாய், இங்கிலீஷ் ரெண்டுலயும் இருக்கும், பதில் எதுல வேணும்னாலும் எழுதலாம், ஆனா இப்பவே ஒண்ண புடிச்சுக்க சொல்லுங்க. இதுல பிள்ளைய மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்றது, அறிவியலயும் கணக்கையும் 2003ல இங்கிலீஷ்னாங்க, 2012லேர்ந்து திரும்ப மலாய்னாங்க, 2016ல டிஎல்பின்னு விருப்பப்பட்ட ஸ்கூல்ல இங்கிலீஷ்ல நடத்தலாம்னாங்க, ஒவ்வொரு தடவையும் வாத்தியாருங்க நோட்ஸ கிழிச்சு போட்டுட்டு புதுசா எழுதினாங்க. ஆறாம் வகுப்பு முடிவுல இருந்த யூபிஎஸ்ஆரும் இல்ல, ஃபார்ம் 3 முடிவுல இருந்த பிடி3யும் இல்ல, இப்போ ஃபார்ம் 5ல இருக்கிற பிள்ளை மொத மொதல்ல பெரிய பரீட்சைன்னு உக்காருறதே ஃபார்ம் 5 முடிவுல வர்ற எஸ்பிஎம்லதான். அதுல அமாலின்னு செய்முறை பரீட்சை வேற தனியா வெக்கிறாங்க, ஆனா எத்தன ஸ்கூல் லேப்ல டிக்கர் டைமர் (பேப்பர் நாடாவுல புள்ளி போடுற மிசின்) ஒழுங்கா டிக்குன்னு அடிக்குதுன்னு யாராச்சும் போய் பாத்தாங்களா? சிக்குங்கள (வாத்தியாருங்கள) சொல்லி குத்தமில்ல, பாதி நாள் கம்ப்யூட்டர்ல டேட்டா ஏத்தறதுலயே போயிடுது.

அமாலிக்கு வீட்டுல ஒண்ணே ஒண்ணு செய்ங்க. நூல்ல ஒரு பூட்டு கட்டி தொங்க விட்டு, ரொம்ப இழுக்காம லேசா ஆட்டி விட்டு, 20 ஆட்டத்துக்கு (போய் திரும்பி வந்தாத்தான் ஒரு ஆட்டம்) டைம் எடுத்து 20ஆல வகுக்கணும், நூல 20 சென்டிமீட்டர்லேர்ந்து ஒரு மீட்டர் வரைக்கும் அஞ்சு நீளம் மாத்தி மாத்தி செய்யணும். ஒரு மீட்டர்ல ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு செகண்ட் வந்தா கை சரியா இருக்குன்னு அர்த்தம். டேபிள் போட்டு, ஒரு ஆட்டத்தோட டைம அதாலயே பெருக்கி (வர்க்கம்), அத நூல் நீளத்தோட சேத்து க்ராஃப் போடணும், அப்போதான் நேர்கோடு வரும், அச்சுல பேரும் அளவும் எழுதணும், கோடு ஸ்கேல் வெச்சு இழுக்கணும். பொங்கல் கோலம் மாதிரி புள்ளிக்கு புள்ளி சேக்க கூடாது, எத்தன பிள்ளைங்க இதுலயே மார்க்க விட்டுட்டு வருதுங்க தெரியுமா.

டியூஷன் போட்டே ஆகணும்னா, கல்வி இலாகாவுல பதிஞ்சிருக்காங்களான்னு கேளுங்க, சான்றிதழ காட்ட சொல்லுங்க. ஏ ப்ளஸ் கேரண்டின்னு போர்டு வெச்சிருந்தா அப்படியே திரும்பி வந்துடுங்க. ஒரு நாள் சும்மா உக்கார விடுங்கன்னு கேட்டு, வாத்தியாரு பேசிக்கிட்டே இருக்காரா, இல்ல பிள்ளைங்கள பேச விடுறாரான்னு பாருங்க. ஒரு வருச காச மொத்தமா கட்டாதீங்க.

கெட்டில் செய்யறப்போ மட்டும் மூடிய தொறந்து வெச்சு எட்டி பாக்க வேணாம்னு தம்பிகிட்ட சொல்லி வைங்க. மூடி தொறந்திருந்தா ஆவி வெளிய போயிடும், சுவிட்ச் தானா விழாம தண்ணி கொதிச்சுக்கிட்டே இருக்கும், கணக்கும் கெடும், கையும் வெந்துடும்.