திரையரங்குச் சுவருக்கு ஒலி டைல்: எந்த எண்ணை நம்பி வாங்குவது?

கேள்வி: எங்கள் ஊரின் பழைய திரையரங்கைப் புதுப்பிக்கிறோம். கூடம் 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 7 மீட்டர் உயரம். முழக்கத்தில் வசனமே புரிவதில்லை. ஒரு கடைக்காரர் 25 மி.மீ. ஃபோம் டைலையும், இன்னொருவர் துணி போர்த்திய 50 மி.மீ. கண்ணாடி இழைப் பலகையையும் காட்டுகிறார்கள். இரண்டுக்கும் என்.ஆர்.சி. (ஒலியை உறிஞ்சும் திறனைச் சொல்லும் எண்) 0.9 என்கிறார்கள். ஃபோம் பாதி விலைதான். அதையே வாங்கலாமா?
– திரையரங்கு உரிமையாளர், தென்காசி மாவட்டம்

பதில்: வேண்டாம். ஒலிக்கு முன்னால் தீயைப் பற்றிப் பேசிவிடுகிறேன். சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் பற்றிக்கொண்டால் சில நிமிடங்களில் நச்சுப் புகை கூடத்தை நிறைத்துவிடும். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2003-இல் ஓர் இரவு விடுதி மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி, சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பற்றி 100 பேர் இறந்தார்கள். 1997-இல் டெல்லி உப்ஹார் திரையரங்கில் தீ தொடங்கியது மின்மாற்றியில். ஆனால் அங்கே இறந்த 59 பேரின் மூச்சை அடைத்தது புகை. எனவே தீப்பரவல் சோதனைச் சான்று இல்லாத டைலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உள்ளே விடாதீர்கள். துணி, பசை, பலகை எல்லாம் சேர்ந்த முழுப் பொருளுக்கும் அந்தச் சான்று இருக்க வேண்டும். உள்ளிருக்கும் இழைக்கு மட்டும் வாங்கிய தாள் போதாது.

இனி அந்த 0.9. என்.ஆர்.சி. என்பது 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு அதிர்வெண்களில் பொருள் எவ்வளவு ஒலியை உறிஞ்சுகிறது என்பதன் சராசரி. 125 ஹெர்ட்ஸ் அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. வெடிச்சத்தம் குமுறுவதோ அதற்குப் பக்கத்திலும் கீழேயும்தான். 125 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 2.7 மீட்டர்; 25 மி.மீ. ஃபோமால் அதை ஒன்றும் செய்ய முடியாது. கீச்சொலியை மட்டும் விழுங்கிவிட்டுக் குமுறலை அப்படியே விட்டுவைக்கும். 50 மி.மீ. பலகைகூட நேரே சுவரில் ஒட்டினால் 125 ஹெர்ட்ஸில் பலவீனமானதுதான். சட்டம் அடித்து, பின்னால் இன்னொரு 50 மி.மீ. காற்றிடைவெளி விட்டுப் பொருத்துங்கள். கூடுதல் செலவு மரச்சட்டத்துக்கு மட்டும்தான், பலன் நன்றாகவே தெரியும்.

இரண்டு கடைக்காரர்களிடமும் சோதனை அறிக்கையின் முழுப் பக்கத்தையும் கேளுங்கள். பொருத்திய முறை ‘ஏ’ என்றிருந்தால் டைலை நேரே பரப்பின்மேல் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ‘இ-400’ என்றிருந்தால் பின்னால் 400 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறார்கள். தொங்கு கூரைக்கான அந்த எண்ணைச் சுவரில் ஒட்டும் டைலுக்குச் சொல்லி விற்பது நியாயமே இல்லை.

அளவையும் நீங்களே கணக்கிடலாம். ஹார்வர்டு பேராசிரியர் வாலஸ் சபைன் நூறாண்டுக்கு முன்பே வகுத்த சூத்திரம் இது: கன அளவை 0.161-ஆல் பெருக்கி, எதிர்முழக்க நேரத்தால் (ஒலி நின்றபின் முழக்கம் அடங்க எடுக்கும் வினாடிகள்) வகுத்தால் கூடத்தின் மொத்த உறிஞ்சல், ஒலியை முழுதாக விழுங்கும் பரப்பாகக் கிடைக்கும். உங்கள் கூடம் 1680 கன மீட்டர். இப்போது 1.5 வினாடி முழங்குகிறது என்று வைத்துக்கொண்டால் உறிஞ்சல் 180 சதுர மீட்டர். 0.7 வினாடிக்கு இறக்க 386 வேண்டும். குறையும் 206-ஐ, 0.8 உறிஞ்சும் டைல் ஏறத்தாழ 260 சதுர மீட்டரில் ஈடுகட்டிவிடும். பக்கச் சுவர்களும் பின்சுவரும் சேர்ந்து 364 சதுர மீட்டர். முழுவதையும் மூடத் தேவையில்லை. பின்சுவரில் தொடங்குங்கள், திரையிலிருந்து போகும் ஒலி மோதித் திரும்புவது அங்கேதான். திரைக்குப் பின்னாலும் அருகிலும் கறுப்புத் துணியே போர்த்துங்கள்; வெளிர்நிறம் ஒளியைத் திருப்பியடித்து படத்தை வெளுக்கச் செய்யும்.

கேள்வி: பூவேலை செதுக்கிய மர டைல்கள் ஒலியைச் ‘சிதறடிக்கும்’ என்கிறார்களே?

பதில்: 1 செ.மீ. ஆழத்துக்குச் செதுக்கினால் அது அழகுக்கு மட்டுமே. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 செ.மீ.; அதற்கு அந்தப் பூவேலை வெறும் சமதளம். ஜெர்மன் இயற்பியலாளர் மன்ஃப்ரெட் ஷ்ரோடர் 1970-களில் வடிவமைத்த சிதறல் பலகைகளில் பள்ளங்களின் ஆழம் எண் கோட்பாட்டு வரிசைப்படி மாறும், பல செ.மீ. ஆழமும் இருக்கும். அப்படிப்பட்டதைப் பக்கச் சுவரின் பின்பாதியில் வைக்கலாம். மற்றபடி அந்தப் பணத்தைப் பலகையின் தடிமனில் போடுங்கள். எந்த டைலுக்கும் பின்னாளில் எண்ணெய்ப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். நுண்துளைகள் அடைபட்டால் உறிஞ்சல் போய்விடும்.

கேள்வி: ஒட்டியும் ஒலி சரியாகாவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: வீட்டில் படம் பார்க்கும் அறைக்கு வாங்கியவர் போகலாம். 1915 என்ற உதவி எண்ணும் உண்டு, வழக்குக்கு இரண்டாண்டுக் கெடு. உங்கள் நிலை வேறு. வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியதாக நிரூபித்தால் விலக்கு கிடைக்கும். அதை நம்பி இருக்காமல், கொள்முதல் ஆணையிலேயே எழுதி வாங்குங்கள்: 125 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எதிர்முழக்க நேரம் எவ்வளவு இருக்க வேண்டும், அளப்பவர் யார், அளவு தேறும்வரை எவ்வளவு தொகையை நீங்கள் நிறுத்தி வைப்பீர்கள் என்று. இதற்குக் கையெழுத்துப் போட மறுக்கும் கடைக்காரருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.