யூனிக்ஸ் கணினியில் இரண்டாவது சீரியல் இணைப்பைத் தொடங்கியதும் முதலாவது ஏன் உறைந்துபோகிறது?

சீரியல் இணைப்பு என்பது, தரவை ஒரே வரியில் பிட் பிட்டாக அனுப்பும் போர்ட்டின் வழியே, ஸ்லிப் அல்லது பிபிபி நெறிமுறையைக் கொண்டு கணினியை வலையமைப்பில் சேர்ப்பதாகும். தனித்தனியே சீராக இயங்கும் இரண்டு இணைப்புகள் சேர்ந்து இயங்க மறுத்தால், மோடத்தைச் சந்தேகிப்பதற்கு முன் இன்டரப்ட் எண்ணைப் பார்ப்பதே நல்லது.

இன்டரப்ட் என்பது, "பைட் வந்திருக்கிறது, எடுத்துக்கொள்" என்று போர்ட் செயலிக்கு விடுக்கும் அழைப்பு. பழைய பிசிக்களில் முதல், மூன்றாம் போர்ட்டுகளுக்கு 4 என்ற எண்ணும், இரண்டாம், நான்காம் போர்ட்டுகளுக்கு 3 என்ற எண்ணும் வழக்கமாகப் பொது எண்களாக இருந்தன. இரண்டு வீடுகளுக்கு ஒரே அழைப்பு மணி இருந்து, ஒருவர் அதை அழுத்திப் பிடித்திருக்கும்போது மற்றவர் அழுத்தினால் புதிய ஒலி எழாது. அட்டைகளைச் செயலியோடு இணைக்கும் தடமான, சமிக்ஞை உயரும் கணத்தை மட்டும் கவனிக்கும் ஐஎஸ்ஏ பஸ்ஸிலும் இரண்டாம் அழைப்பு அவ்வாறே தொலைகிறது. 38,400 பிட் வேகத்தில் நொடிக்குச் சுமார் 3,840 பைட்டுகள் வந்துகொண்டிருக்க, போர்ட்டை இயக்கும் 8250 சிப்போ பெற்ற பைட்டுகளில் ஒன்றை மட்டுமே தாங்கி வைக்கும் என்பதால், சிறு தாமதமும் இழப்பாகிவிடுகிறது. 16 பைட் இடமுள்ள 16550ஏ சிப் தாமதத்தைப் பொறுக்கும். எண் மோதலை அதுவும் தீர்க்காது.

சீரியல் போர்ட் அட்டையில் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் சிறு இணைப்பானான ஜம்பரை 5 போன்ற, வேறு சாதனம் பயன்படுத்தாத எண்ணுக்கு மாற்றி, லினக்ஸ் என்றால் செட்சீரியல் கட்டளையிலும் அதே எண்ணைத் தர வேண்டும்.

அந்தக் கட்டளை மட்டுமே போதும் என்று பலர் எண்ணுகின்றனர்; அது எண்ணை இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குத் தெரிவிக்கிறதே தவிர, அட்டையில் எதையும் மாற்றுவதில்லை.