நிற்கும் லாரியைப் பார்த்து காரே பிரேக் போடுமா?

கேள்வி: புது கார் வாங்கப் போகிறேன். அடாஸ் (கேமரா, ரேடார் மூலம் ஓட்டுநருக்கு உதவும் வசதிகள்) உள்ள மேல் வேரியன்ட்டைத்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள் ஷோரூமில். முன்னால் எது வந்தாலும் காரே பிரேக் போட்டுக்கொள்ளுமாம். நம்பலாமா?

பதில்: தாராளமாக வாங்குங்கள். ஆனால் "எது வந்தாலும்" என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். காரோடு வரும் கையேட்டைக் கேட்டு வாங்கி, அவசர பிரேக், அடாப்டிவ் குரூஸ் (நீங்கள் வைத்த வேகத்தில் ஓடி, முன்வண்டிக்கு ஏற்பத் தானே வேகத்தைக் குறைக்கும் வசதி) ஆகிய இரண்டு பகுதிகளிலும் எச்சரிக்கைப் பத்திகளைப் படித்துப் பாருங்கள். நிற்கும் வண்டி, குறுக்கே வரும் வண்டி, விலங்கு, வளைவு, கனமழை என்று விதிவிலக்குகள் வரிசையாக இருக்கும்.

காரணம் இதுதான். காரின் முன்பக்கம் அலை அனுப்பிப் பொருள்களைக் கண்டறியும் ரேடாருக்கு சாலையோரப் பலகை, மேம்பாலத்தின் அடிப்பகுதி, தரையிலுள்ள இரும்பு மூடி என எல்லாவற்றிலிருந்தும் அலை திரும்பி வருகிறது. அத்தனைக்கும் பிரேக் போட்டால் பின்னால் வருபவர் உங்கள் மேல் மோதிவிடுவார். அதனால் வேகமாகப் போகும்போது, அசையாமல் இருக்கும் பொருள்களைப் பல கார்களின் மென்பொருள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். கேமராவும் சேர்ந்து "இது வண்டிதான்" என்று உறுதிப்படுத்தினால்தான் பிரேக்கை அழுத்தும். கேமராவோ பழகிய உருவங்களைத்தான் எளிதில் கண்டுகொள்ளும். காரின் பின்பக்கம் நேராகத் தெரிந்தால் சிக்கலில்லை. குறுக்கே நிற்கும் டிரெய்லர், கவிழ்ந்து கிடக்கும் வேன், பின்விளக்கு எரியாத லாரி என்றால் தடுமாறும்.

மிக ஆபத்தான சூழல் ஒன்றைச் சொல்கிறேன். குரூஸில் 110 வைத்திருக்கிறீர்கள். முன்னால் ஒரு வேன் 100-ல் போவதால் உங்கள் காரும் 100-ல் பின்தொடர்கிறது. வேன் ஓட்டுபவர் நின்றுபோன லாரியைப் பார்த்ததும் சட்டென்று பக்கத்து லேனுக்கு விலகுகிறார். பின்தொடர்ந்த வண்டி மறைந்ததால் பாதை காலி என்று எடுத்துக்கொண்டு உங்கள் கார் வேகத்தைக் கூட்ட ஆரம்பிக்கலாம். 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 28 மீட்டர் கடக்கிறீர்கள். உலர்ந்த சாலையில் முழு பிரேக் போட்டாலும் நிற்க 45 முதல் 50 மீட்டர் வேண்டும். லாரி 60 மீட்டரில் கண்ணில் படுகிறது, காரே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நொடி காத்திருந்தீர்கள் என்றால், மிச்சம் இருப்பது 32 மீட்டர்தான். ஆகவே குரூஸில் முன்வண்டிக்கு விடும் இடைவெளியை எப்போதும் அதிகபட்சத்தில் வையுங்கள். முன்வண்டி விலகும் அந்தக் கணமே கால் பிரேக்குக்குப் போகட்டும்.

நின்ற காரை நோக்கி ஓட்டி, அமெரிக்காவின் ஏஏஏ வாகன ஓட்டிகள் சங்கம் 2022-ல் சோதித்தது. மணிக்கு சுமார் 48 கிலோமீட்டரில் 20 ஓட்டங்களில் 17 முறை மோதல் தவிர்க்கப்பட்டது. 64 கிலோமீட்டரில் 20-க்கு 6 முறைதான். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும்போது மோதலின் ஆற்றல் 1.8 மடங்காகிறது, பிரேக்குக்குக் கிடைக்கும் நேரமோ குறைகிறது. சந்திப்பில் குறுக்கே வரும் காருக்காக வைத்த சோதனையில் ஒருமுறைகூட மோதல் தவிர்க்கப்படவில்லை.

இன்னொன்று: பிரேக்கை மிதித்ததும் குரூஸ் விலகிவிடும், ஆனால் பழைய வேகம் நினைவில் இருக்கும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகு ரெஸ்யூம் பட்டனைத் தொட்டால், குறுகிய சாலையிலும் 100-ஐ நோக்கிச் சீறும்.

கேள்வி: லேன் மாறும்போது ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. கோளாறா?

பதில்: இண்டிகேட்டர் போட்டு மாறிப் பாருங்கள். போடாமல் மாறினால், நீங்கள் தூக்கத்தில் விலகுவதாக நினைத்து லேன் கீப் அசிஸ்ட் (காரை லேனுக்குள் வைத்திருக்கும் உதவி) திருப்பத்தான் செய்யும். இண்டிகேட்டர் போட்டும் இழுத்தால், எந்த இடத்தில் இழுக்கிறது என்று கவனியுங்கள். உட்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமரா கோடுகளைத் தேடுகிறது. அரைகுறையாக அழித்த பழைய கோடு, விரிசலில் பூசிய தார், ஈரச்சாலையில் மின்னும் வெளிச்சம் எல்லாமே அதற்குக் கோடாகத் தெரியலாம். சாலைப்பணி நடக்கும் இடத்தில் அணைத்துவிடுவது நல்லது.

கூர்மையான வளைவில் உதவி பாதியிலேயே கைவிடும்; திரையில் பச்சைக் குறி சாம்பல் நிறமாவதைத் தவிர வேறு அறிகுறி இல்லாமலும் போகலாம். அதைப் பார்க்காதவர் நேராகப் போய்விடுவார். கையை எடுக்கவே எடுக்காதீர்கள்.

கேள்வி: கல்லடித்து முன்கண்ணாடி மாற்றினேன். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, காலிப்ரேஷன் (கேமராவின் பார்வைக் கோணத்தைச் சரிசெய்வது) தேவையில்லை என்கிறார் கடைக்காரர்.

பதில்: தேவை. கேமரா ஒரு டிகிரி திரும்பியிருந்தால் 50 மீட்டர் தொலைவில் 87 சென்டிமீட்டர் பிசகும். பக்கத்து லேன் காரை உங்கள் லேன் காராக எடுத்துக்கொள்ள அது போதும். இவ்வளவு சிறிய பிசகை கார் தானாகக் கண்டுபிடித்து விளக்கு எரியவிடும் என்ற உறுதி இல்லை. சில கார்களுக்குச் சமதளத்தில், டயர் காற்று சரிபார்த்து, அளந்த தூரத்தில் குறிப்பலகை வைத்துச் செய்வார்கள். சிலவற்றுக்கு ஸ்கேன் கருவி மாட்டி, கோடு தெளிவான சாலையில் ஓட்டிச் செய்வார்கள். இரண்டும் வேண்டிய கார்களும் உண்டு. முடிந்ததற்கான அறிக்கையை அச்சிட்டு வாங்குங்கள்.

பம்பர் வேலைக்கும் இதே எச்சரிக்கை. ரேடார் இருக்கும் இடத்தின்மேல் பட்டி பூசி மெட்டாலிக் பெயின்ட் அடுக்கடுக்காக அடித்தால் அலை பலவீனமாகும். பம்பருக்கு முன்னால் கூடுதல் இரும்புத் தடுப்பு மாட்டவே வேண்டாம்.

கேள்வி: எல்லா வசதிக்கும் பணம் கொடுக்க முடியாது. எதற்குக் கொடுக்கலாம்?

பதில்: அவசர பிரேக், பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை (கண்ணாடியில் தெரியாத பக்கவாட்டு வண்டியைச் சொல்வது), பின்னால் எடுக்கும்போது குறுக்கே வரும் வண்டியைச் சொல்லும் வசதி. லேன் நடுவில் பிடித்து ஓட்டும் வசதிக்காக மட்டும் அடுத்த வேரியன்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. டெஸ்ட் டிரைவில் அவசர பிரேக்கைச் சோதித்துப் பார்க்காதீர்கள். இவற்றைப் பாருங்கள்: குரூஸ் முழு நிறுத்தம் வரை வேலை செய்கிறதா, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே விலகிவிடுகிறதா? நின்ற பிறகு எத்தனை நொடி வரை தானாகக் கிளம்புகிறது? அணைத்த லேன் உதவி, வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் திரும்ப உயிர்பெறுகிறதா?