டேப்லட் இருக்கட்டும், போன் போடுங்கள்

வணக்கம் சார். காசிமேட்டில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறோம். நாலாவது, ஐந்தாவது படிக்கும் பிள்ளைகள் இருபது பேர். பாதிப் பேருக்குக் கழித்தலே வரவில்லை. ஒருவர் பத்து டேப்லட் வாங்கித் தருகிறேன் என்கிறார். எந்த ஆப் போடலாம்? மழை வந்தால் யாரும் வருவதில்லை, அப்போதும் உதவுமா?

ஒரு வாசகி, காசிமேடு

அன்புள்ள வாசகிக்கு,

ஆப் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். பெரு நாட்டில் அரசே லட்சக்கணக்கில் மடிக்கணினி வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. 2012இல் வந்த மதிப்பீட்டில் கணக்கு, மொழி மதிப்பெண்கள் அசையவே இல்லை.

உங்களுக்கு உதவுவது போட்ஸ்வானா செய்த வேலை. 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது சுமார் 4,500 குடும்பங்களை வைத்துச் சோதித்தார்கள். சில வீடுகளுக்கு வாராவாரம் கணக்கு எஸ்.எம்.எஸ். மட்டும், சில வீடுகளுக்கு அதோடு 20 நிமிடம் ஒரு போன். எஸ்.எம்.எஸ். மட்டும் போன வீடுகளில் சொல்லும்படி ஒன்றுமில்லை. போனும் வந்த வீடுகளில் பிள்ளைகள் தேறினார்கள். பட்டன் போனே போதும்.

முதலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நேரில் ஐந்து நிமிடம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், ஒவ்வொன்றில் ஒரு கணக்கு. எதில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். எந்த வகுப்பு என்று பார்க்காதீர்கள். திங்களன்று கணக்கை எண்ணில் மட்டும் அனுப்புங்கள். தமிழில் அடித்தால் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 70 எழுத்துதான், சில பட்டன் போன்களில் வெறும் கட்டமாகத் தெரியும்.

போனில் விடையை மட்டும் கேட்டு வைத்துவிட்டால் வீண். 52-27க்குப் பிள்ளை 35 என்கிறது. "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேளுங்கள். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு" என்று வரும். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிட்டது. மேலே எது, கீழே எது என்று பார்க்கவில்லை. திரும்பத் திரும்ப விதியைச் சொல்லிப் பயனில்லை. அம்மாவின் சுருக்குப்பையிலிருந்து ஐந்து பத்து ரூபாய், இரண்டு ஒரு ரூபாய் எடுக்கச் சொல்லுங்கள். "இதிலே இருபத்தேழு ரூபா கொடு." ஒரு ரூபாய் பத்தாது, ஒரு பத்தை மாற்றியாக வேண்டும் என்று கைக்கே தெரிந்துவிடும். சில்லறை இல்லையா, தீக்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டினாலும் சரி. ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

ஆளுக்கு ஐந்து பிள்ளை, நாளைக்கு ஒரு போன் என்றால் வெள்ளிக்குள் முடிந்துவிடும். எடுக்காதவர்களுக்குச் சனி. மீன் ஏலம் விடியுமுன்னே தொடங்குவதால் அந்த வீடுகள் சீக்கிரம் படுத்துவிடும், ஏழரைக்குள் பேசிவிடுங்கள்.

எங்கே கெடும் என்றால், பெரும்பாலும் பாடத்தில் இல்லை, நம்பரில். ரீசார்ஜ் முடிந்து சில நாளில் இன்கமிங்கும் நின்றுபோகும். தெரியாத நம்பரைப் பலர் எடுப்பதில்லை. நேரில் பார்க்கும்போதே உங்கள் நம்பரை "டியூசன் அக்கா" என்று பதிந்துவிடுங்கள். வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு கடலுக்குப் போய்விடும் என்றால் பக்கத்து வீட்டு நம்பர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். நாலாவது வாரம் மறுபடி அதே நாலு கணக்கு, எண்ணை மட்டும் மாற்றி.

டேப்லட் தருபவரிடம், அந்தப் பணத்தில் இருபது வீட்டுக்கும் ரீசார்ஜ் போடச் சொல்லிக் கேளுங்கள். போட்டோ எடுக்க ஒன்றும் இருக்காது, அதனால் கொஞ்சம் யோசிப்பார்.

மழைக்காகக் காத்திருக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்பாவும் போனும் கரையில் இருப்பார்கள். நம்பர்களைச் சரிபார்த்து முதல் சுற்றை அந்த 61 நாளில் ஓட்டிப் பாருங்கள்.