எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு கோல நோட்டு

வாசகர் கேள்வி – பதில்
பதில் எழுதுபவர், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அப்பாவுக்குப் பிறகு 30 வருஷம் பைண்டிங் கடை நடத்தியவர்.

கேள்வி: எதிர்வீட்டு அக்காவும் நாங்களும் 22 வருஷமாக ஒரே தெரு. அடுத்த மாதம் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போகிறார். ஞாபகமாகச் சின்னதாக, அழகாக ஒரு நோட்டு வாங்கித் தர ஆசை. கடையில் கண்ணாடி பதித்த அட்டையும் பித்தளைக் கொக்கியும் போட்ட ஒன்றைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம்தான், ஆனால் கொள்ளை அழகு. அக்கா டைரி எல்லாம் எழுத மாட்டார். தினக் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் கோலம் போட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான். 500 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதை வாங்கலாமா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: 'அவ்வளவுதான்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியதே அந்த வரிதான், தங்கச்சி. காலண்டர் தாளைக்கூட விடாமல் கோலம் போட்டுப் பார்க்கிறவருக்கு வாங்குகிறீர்கள். அப்படியென்றால் அது கோல நோட்டு. அளவு, தாள், தையல் எல்லாவற்றையும் கோலத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

கண்ணாடி பதித்தது வேண்டாம். அட்டை மேடு பள்ளமாக இருந்தால் நோட்டைத் திறந்து வைக்கும்போது தரையில் சமமாக உட்காராது, ஆடும். கொக்கி கையில் இடிக்கும். அக்கா அதை ஆசையாக வாங்கிக்கொண்டு ஷோகேஸில் வைப்பார். கோலம் திரும்பவும் காலண்டர் தாளுக்கே போய்விடும்.

அளவுக்கு வருகிறேன். ஊடுபுள்ளி, அதாவது ஒரு வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி வருவது, 15, இரண்டு பக்கமும் 8 வரை என்று ஒரு கோலம் எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் வாசலில் சர்வசாதாரணமாகப் போடுவது. நடு வரிசையில் 15 புள்ளி, நடுவே 14 இடைவெளி. புள்ளிக்குப் புள்ளி 8 மில்லிமீட்டராவது விட்டால்தான் கோடு நெருக்காமல் சுற்றி வரும். 14 எட்டு 112. நீங்கள் பார்த்த உள்ளங்கை நோட்டில் அது அடங்காது. ஏ6 என்று விற்கிறார்களே, அதன் அகலமே 105 மில்லிமீட்டர்தான். ஏ5 வாங்குங்கள். 148-க்கு 210. கைப்பையில் போகும், சின்ன நோட்டு என்ற அழகும் குறையாது. கோலம் போட்ட பிறகு அடியில் இடம் மிஞ்சும். புள்ளிக் கணக்கு, எந்த வருஷம், எந்தப் பண்டிகை என்று அங்கே எழுதிக்கொள்ளலாம்.

கோடு போட்ட தாள் கூடாது. புள்ளி அச்சடித்த நோட்டும் கடையில் கிடைக்கிறது, அதையும் எடுக்காதீர்கள். 22 வருஷமாகக் கண் அளவிலேயே புள்ளி வைத்த கை அது. வெறும் தாள் போதும்.

அந்தத் தாள் கனமாக இருக்க வேண்டும். பென்சிலில் போட்டுவிட்டு அப்புறம் ஸ்கெட்ச் பேனாவில் வண்ணம் தீட்டுவார், மெல்லிய தாளில் அது மறுபக்கம் தெரியும். கடைக்காரரிடம் ஜி.எஸ்.எம். எத்தனை என்று கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அந்தக் கணக்கு. 100-க்குக் குறையாமல் பாருங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் ஒரே ஒரு தாளைத் தூக்கி, பின்னால் விரலை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். விரலின் உருவம் தெளிவாகத் தெரிந்தால் மையும் தெரியும்.

இனி, நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காத விஷயம், தையல். நோட்டை நடுவில் திறந்து, கையை எடுத்துவிடுங்கள். தானாக மூடிக்கொண்டால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கோலம் போடுகிறவருக்கு ஒரு கை பேனாவில், ஒரு கை அளவுகோலிலோ தாளிலோ இருக்கும். நோட்டைப் பிடிக்க மூன்றாவது கை ஏது? முதுகுப் பக்கம் உற்றுப் பாருங்கள். தாள்களை நாலு நாலாக மடித்து, மடிப்பு மடிப்பாக அடுக்கி, ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் நூல் ஓடியிருந்தால் நல்ல வேலை. வெறும் பசையில் ஒட்டியது என்றால் நன்றாக விரித்து விரித்து எழுத முதுகு வெடிக்கும், தாள் ஒவ்வொன்றாகக் கையோடு வரும். சென்டர் பின் அடித்தது நம் ஊர்க் கடற்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்து, நடுத்தாளில் பழுப்புக் கறை இறங்கும். கோயம்புத்தூரில் உப்புக் காற்று இல்லைதான். ஆனாலும் அவர் அங்கேயே இருந்துவிடுவாரா, பிள்ளையோடு இன்னும் எங்கே போவாரோ, யார் கண்டது? நூல் தையலே இருக்கட்டும்.

அலங்காரம் வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். அது இல்லாமல் கொடுக்கச் சொல்ல மாட்டேன். உங்களுடைய பழைய பருத்திப் புடவை ஒன்று, அக்கா பார்த்துப் பழகியது, இருக்கிறதா? முந்தானைப் பக்கம் அரை மீட்டர் வெட்டி, வாங்கிய நோட்டோடு பைண்டிங் கடையில் கொடுங்கள். துணிக்குப் பின்னால் முதலில் மெல்லிய தாள் ஒட்டிக் காயவைத்து, பிறகு அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால்தான் பசை துணிக்கு மேலே ஊறாது. பட்டு கொடுக்காதீர்கள், கறை அப்படியே தெரியும். மைதாப் பசை என்றால் கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். பூச்சி வராமல் இருக்க எங்கள் கடையில் அப்பா காலம் தொட்டுச் சேர்த்ததுதான். பின் அட்டையின் உட்பக்கம் ஒரு தாள் உறையும் ஒட்டித் தரச் சொல்லுங்கள். அக்கா சேர்த்து வைத்திருக்கும் காலண்டர் தாள்கள் அதில் போகும். கூலியை மட்டும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

கொடுப்பதற்கு முன் முதல் பக்கத்தில் நீங்களே ஒரு கோலம் போடுங்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து தெருவில் போட்டது ஏதாவது ஒன்று. புள்ளிக் கணக்கும் வருஷமும் எழுதுங்கள். கோடு ஒரு இடத்தில் பிசகினாலும் அழிக்க வேண்டாம். என் கடையில் நோட்டு வாங்கிப்போன எத்தனையோ பேர் வருஷங்கள் கழித்து வந்து, "இன்னும் ஒண்ணும் எழுதலைக்கா, முதல் பக்கம் கெட்டுப்போயிடுமோன்னு இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பிசகு அங்கே இருந்தால் அவருக்கு அந்தப் பயம் இருக்காது.

கேள்வி: பள்ளித் தோழிகளுக்காகக் கைத்தாளில் செய்த நோட்டு ஐந்து வாங்கினேன். மைப் பேனாவால் பெயர் எழுதிப் பார்த்தால் எழுத்து பூவாக விரிகிறது. ஏமாந்துவிட்டேனா?
– ஒரு வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: இல்லை, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கைத்தாள் பெரும்பாலும் பருத்தித் துணிக் கழிவிலிருந்து வருவது. துணியைச் சின்னச் சின்னதாக வெட்டி, தண்ணீரில் கூழாக அரைத்து, சல்லடைச் சட்டத்தில் ஏந்தி எடுத்து, அழுத்தி உலர்த்துவார்கள். நம் ஊரில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்சாலை 1959-லிருந்து இதே வேலையைச் செய்துவருகிறது. வண்ணம் நீரில் மிதந்து தாளில் ஒட்டும் மார்பிள் தாளையெல்லாம் முதன்முதலில் பார்த்தபோது நான் எங்கள் கடை வேலையையே மறந்து நின்றிருக்கிறேன்.

மை விரிகிறதா இல்லையா என்பது தாளுக்குச் சைஸிங் எவ்வளவு ஏற்றினார்கள் என்பதைப் பொறுத்தது. அது தாளின் குடிக்கும் குணத்தைக் குறைக்கும் ஒரு வகைப் பசை. படம், பூ, இலை ஒட்டுவதற்கென்று செய்த தாளில் அது குறைவாக இருக்கும். உங்கள் ஐந்தும் அந்த வகையாக இருக்கலாம். பென்சில் அல்லது சாதாரண பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள், விரியாது. பென்சில் எழுத்து வெளிச்சத்தில் வெளுக்கவும் வெளுக்காது. அடுத்த முறை கடையில் ஓரத்துண்டு ஒன்று கேட்டு வாங்கி, அங்கேயே பேனாவை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு அழகான நோட்டு ஒன்று தருவதாகச் சொன்னேன். "கல்யாணத்துக்குப் போய் யாராவது நோட்டுத் தருவாங்களா?" என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.
– ஒரு வாசகர், வில்லியனூர்

பதில்: மொய்க் கவரையும் வையுங்கள், நோட்டையும் வையுங்கள். சண்டையே வேண்டாம்.

ஆனால் சிரிக்கிறவர்களை ஒரு நாள் ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள், தம்பி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே துபாஷியாக, அதாவது அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை தமிழில் தினப்படி எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, கவர்னர் துய்ப்ளேக்ஸ் என்ன சொன்னார், சரக்கு என்ன ஆயிற்று, வீட்டில் என்ன நடந்தது என்று எல்லாம். அந்தக் காலத்துப் புதுச்சேரி பேசுவதை இன்றைக்கு நாம் கேட்க முடிகிறது என்றால் அவர் உட்கார்ந்து எழுதியதால்தான். புதுக் குடித்தனத்தில் முதல் வருஷ வாடகை, முதல் கேஸ் சிலிண்டர், முதல் சண்டை இதெல்லாம் எழுதிவைத்தால் பிள்ளைகள் படிப்பார்கள். எந்தத் தாள், எந்தத் தையல் என்பதற்கு மஞ்சக்குப்பம் சகோதரிக்கு எழுதியதைப் பாருங்கள். அட்டை மட்டும் வெள்ளை வேண்டாம், கல்யாண வீட்டில் மஞ்சள் கை படும்.

கேள்வி: அம்மா கைப்பட எழுதிய சமையல் நோட்டு, போன மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்துவிட்டது. தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தூக்கிப்போட மனம் வரவில்லை.
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தூக்கிப்போடாதீர்கள், ஐயா. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குப் பகல் முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் நடுவே கரை ஏறியபோது, எங்கள் கடை ஓடு பறந்து அப்பாவின் கணக்கு நோட்டுகள் நனைந்தன. பால்பாயின்ட் பேனாவில் எழுதியது அத்தனையும் பிழைத்தது. மைப் பேனாவில் எழுதியது நீல நீராகப் போனது. அவசரப்பட்டு நான் பிரித்த இரண்டு நோட்டில் தாள் தோலாக உரிந்தது. அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

இன்னும் ஈரம் இருந்தால் நோட்டை வெயிலில் வைக்காதீர்கள், தாள் வளைந்து முறுகும். நிழலில், மின்விசிறிக் காற்றில் நிறுத்திவையுங்கள். தானாகப் பிரிகிற இடங்களில் மட்டும் அச்சில்லாத வெள்ளைத் தாளை இடையே செருகி, ஈரமானதும் மாற்றுங்கள். ஒட்டியிருக்கும் தாளை இழுக்காதீர்கள். முழுக்கக் காய்ந்த பிறகு, மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து மெல்லிய, கூர் இல்லாத அளவுகோலை நுழைத்துப் பாருங்கள். வந்தால் வரட்டும், வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தால் கறையாகப் பரவும். நன்றாகக் காய்ந்த பின், மூக்கை மூடிக்கொண்டு, வாசலில் வைத்து மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பின் அடித்த நோட்டு என்றால் துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிட்டு நூலால் தைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கவரில் அடைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாத அலமாரித் தட்டில் வையுங்கள். வசம்புத் துண்டு இரண்டு கூட இருந்தால் பூச்சி அண்டாது. எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றைக்கே, படிக்க முடிகிற பக்கங்களை போனில் படம் எடுத்துவிடுங்கள். அம்மா எதை எந்த அளவில் போட்டார் என்பது அழிந்திருந்தால், அவருடன் சேர்ந்து சமைத்த சித்தியோ அத்தையோ இருந்தால் கேட்டு, தனி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவின் நோட்டுக்குள் நீங்கள் எதுவும் எழுத வேண்டாம்.