விதை மணல்: அளவை விட்டு வரலாற்றைக் கேளுங்கள்

கேள்வி: 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் உலர்ந்த அரகோனைட் (ஒருவகைச் சுண்ணாம்பு) மணல் பரப்பிவிட்டேன். அதற்கு விதையாக, நண்பர்களிடம் எவ்வளவு உயிர் மணல் (பழைய தொட்டியின் சிற்றுயிர்கள் வாழும் மணல்) கேட்கலாம்?

ஒருவரிடம் ஒரு கோப்பை போதும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பாட்டிலிலேயே விற்பனைக்கு வருகின்றன. அந்தப் பாட்டிலில் வராதவை ஆம்பிபாட், கோபிபாட் (இரண்டும் இறாலின் உறவான சிற்றுயிர்கள்), முட்புழு, நூலிழை போன்ற கைகளை மணல்மேல் நீட்டும் புழு ஆகியவை. அவற்றுக்காகத்தான் பழைய தொட்டிக்காரர்களைத் தேடிப் போகிறோம். இடம் கொடுத்தால் அவை தாமாகப் பெருகும்.

பல தொட்டிகளிலிருந்து வாங்கினால் உயிரினங்களின் வகை கூடும் என்பது உண்மைதான். தொல்லைகளும் அதே கோப்பையில்தான் வரும். நன்கு தெரிந்த இரண்டு மூன்று பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொடுப்பவரின் தொட்டியில் எதைப் பார்க்க வேண்டும்?

முடிந்தால் விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். மங்கலான சிவப்பு விளக்கைக் கண்ணாடியோரம் பிடித்தால், வெள்ளைப் புள்ளிகளாகக் கோபிபாட்கள் தத்தித் தத்தி ஓடும். கண்ணாடியை ஒட்டிய மணலில் புழுக்கள் குடைந்த மெல்லிய வழிகள் தெரியும். இவை இரண்டும் இருந்தால் அது உயிருள்ள மணல்தான். பகலில் கண்ணாடிபோலத் தெளிவாகவும் மணல் தூய வெள்ளையாகவும் இருக்கும் தொட்டியைப் பார்த்து மயங்காதீர்கள். மணலைச் சலித்துத் தின்னும் கோபி மீனோ நட்சத்திர மீனோ அங்கே இருந்தால், நமக்கு வேண்டியதில் பெரும்பகுதியை அது ஏற்கெனவே தின்று தீர்த்திருக்கும்.

பிறகு பாறைகளைப் பாருங்கள். ஏய்ப்டேசியா (வேகமாகப் பெருகிக் கொட்டும் கடல் அனிமோன்), தட்டைப்புழு, மணல்மேல் குமிழிகளோடு சளிபோலப் படரும் பழுப்புப் படலம், இவற்றில் ஒன்று இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்புங்கள். அதே தொட்டியில் எப்போதாவது செம்பு கலந்த மருந்து போட்டார்களா என்றும் கேளுங்கள். சுண்ணாம்பு மணல் செம்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் அது நஞ்சு.

கேள்வி: மணல் வழியாக வெள்ளைப்புள்ளி நோய் வருமா?

வரும். மீன் உடலிலிருந்து உதிரும் ஒட்டுண்ணி, மணலிலும் பாறையிலும் கூடு கட்டிக்கொண்டு பிளவுபடுகிறது. சில கூடுகள் மூன்றே நாளில் திறக்கும்; 72 நாள் வரை தாமதமாகத் திறந்ததும் பதிவாகியிருக்கிறது. மீன் இல்லாமல் 76 நாள் விட வேண்டும் என்று பலரும் சொல்லும் கணக்கு இதிலிருந்து வந்ததுதான். எனவே "மீன்கள் நலமா?" என்று கேட்டால் போதாது. நலமான மீனும் ஒட்டுண்ணியைச் சுமக்கும். "கடைசியாகப் புது மீன் விட்டது எப்போது, தனிமைத் தொட்டியில் வைத்துப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

பதில் மழுப்பலாக வந்தாலும் வழி இருக்கிறது. உங்கள் தொட்டியில் இன்னும் மீனே இல்லை! மணலைப் போட்டுவிட்டு அந்த 76 நாளையும் மீனில்லாமல் கழியுங்கள். ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி அழியும். சிற்றுயிர்கள் அதே நாட்களில் பெருகும். புது தொட்டிக்காரருக்கு மட்டுமே வாய்க்கும் வசதி இது. அவசரத்தில் பலரும் இதை வீணடிக்கிறார்கள்.

கேள்வி: நண்பர் பாலித்தீன் பை நிறைய மணலும் நீருமாகக் கட்டிக் கொடுத்தார். வீட்டில் பிரித்தபோது அழுகிய முட்டை நாற்றம். போடலாமா?

வேண்டாம். அது ஹைட்ரஜன் சல்பைடு. அடி மணலைத் தோண்டியிருப்பார், அல்லது பையில் காற்றில்லாமல் உயிர்கள் மடிந்து அழுகியிருக்கும். மேலிருந்து இரண்டு சென்டிமீட்டர் ஆழம் வரை மட்டும், பல இடங்களில் சிறிது சிறிதாக அள்ளச் சொல்லுங்கள். ஆழமாகக் கிளறினால் அவருடைய மீன்களுக்கே ஆபத்து. அகலமான மூடியுள்ள பெட்டியில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, மணல் மூழ்கும் அளவுக்கு மட்டும் தொட்டி நீர் விட்டு, மீதி இடத்தைக் காற்றுக்கு விடுங்கள். வெயில் படாமல் சில மணி நேரத்துக்குள் வீடு சேருங்கள். கலங்கிய நீரைக் கொட்டிவிடலாம். குழாய்நீரில் மட்டும் அலசிவிடாதீர்கள். அதில் எதுவும் பிழைக்காது.

கேள்வி: போட்ட பிறகு எப்படிப் பராமரிப்பது?

முதலில் உங்கள் தொட்டிநீரின் ஒப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டும் எண்) 1.025 அளவிலும், வெப்பம் 25, 26 டிகிரியிலும் நிலைத்திருக்க வேண்டும். ஓட்டம் குறைவான இடத்தில், உலர் மணலின் மேல் சிறு மேடுகளாக வையுங்கள். அடியில் புதைத்தால் மூச்சுமுட்டிச் சாகும். வழியில் சில உயிர்கள் இறந்திருக்கும் என்பதால் அம்மோனியா சற்று ஏறலாம். அது இறங்கிய பின் மணலைப் பட்டினி போடாமல் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை துளி உணவு போடுங்கள். சில வாரங்களில் எல்லாம் பழுப்பாகும்; அது டயட்டம் என்ற நுண்பாசி. பெரும்பாலும் தானே போய்விடும், மருந்து தேடி ஓடாதீர்கள்.

கேள்வி: கடற்கரை மணலையே அள்ளிவந்தால் என்ன?

அதில் எண்ணெய், கழிவு, குப்பை எது கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பல கடற்கரைகளில் அள்ளத் தடையும் உண்டு. விட்டுவிடுங்கள்.

கேள்வி: கோபிபாட்கள் கண்ணில் படத் தொடங்கிவிட்டன. மாண்டரின் மீன் விடலாமா?

கூடாது. அது நாள் முழுவதும் கோபிபாட்களைக் கொத்திக்கொண்டே இருக்கும்; இளம் தொட்டியின் இருப்பைச் சீக்கிரமே காலிசெய்துவிட்டு மெலிந்து சாகும். பல மாதம் பொறுங்கள். 200 லிட்டரில் அதன் பிறகும் கோபிபாட்களைத் தனியே வளர்த்துச் சேர்க்க வேண்டியிருக்கும்.